செய்முறை மட்டும் போதாது

தொடக்கப்பள்ளிப் பயிற்சி ஆசிரியர்கள் சோதனைகளைச் செய்தாலே அறிவியலின் தன்மை (அறிவியல் அறிவு எப்படி உருவாகிறது என்பது) தானாகப் புரிந்துவிடும் என்று சொல்லப்படுவது சரியன்று. அமெரிக்காவில் ஏக்கர்சன், அப்த்-எல்-காலிக், லெடர்மன் ஆகியோர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், 50 பயிற்சி ஆசிரியர்களுள் பெரும்பாலோர் தொடக்கத்தில் அதைப் பற்றிப் பிழையான கருத்துகளையே கொண்டிருந்தனர்; செயல்பாடுகளோடு வெளிப்படையான கலந்துரையாடலும் சேர்ந்த பிறகே முன்னேற்றம் தெரிந்தது, அதுவும் எல்லாக் கூறுகளிலும் சமமாக அன்று.

இத்தகைய செயல்பாடு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: மூடிய குழாயொன்றிலிருந்து நான்கு கயிற்று முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை இழுத்தால் மற்றொன்று உள்ளே போகும். உள்ளமைப்பை ஊகித்து வரைந்ததோடு நிறுத்திவிட்டால் அது வெறும் விளையாட்டுதான். திறந்து பார்க்காமலே வரைந்த அந்தப் படத்துக்கும் அணு மாதிரிக்கும் என்ன ஒற்றுமை என்று பயிற்றுநர் கேட்டு, பயிற்சி ஆசிரியர்களைப் பேசவைக்க வேண்டும். கோட்பாடு நிரூபிக்கப்பட்டால் விதியாகிவிடும் என்பதும் (பலரும் நம்புவதுதான்) தவறு: பாயில் விதி வாயுவின் அழுத்தத்துக்கும் பருமனுக்கும் உள்ள தொடர்பைச் சொல்கிறது, வாயு மூலக்கூறுகளின் இயக்கம் பற்றிய இயக்கவியற் கோட்பாடு அதன் காரணத்தை விளக்குகிறது.