அந்தக் கடதாசியின் கொப்பி யாரிடம்?

அடிக்கிற புருசனிடம் ஒரு கடதாசி எழுதி வாங்கி, மனைவியை அவனோடு திருப்பி அனுப்பின ஊர்ப் பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை போட்ட படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'பிரிய இருந்த குடும்பத்தைச் சேர்த்து வைத்தோம்.' வாசிகசாலை மண்டபம், பிளாஸ்ரிக் கதிரைகள், பதினொரு ஆம்பிளைகள், ஒரு பெண். வாழ்த்துச் சொன்னவர்களுக்குக் கணக்கில்லை. படத்தைக் கொஞ்சம் பெருப்பித்துப் பாருங்கள். இந்த வெயிலில் கழுத்தை மூடின சட்டை. கிளாசை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள், வலது பெருவிரல் மடங்கவில்லை. சரி, விடுவோம். வாழ்த்துகள்.

அவள் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. முடிவு அவளுடையது. போறதா இல்லையா என்பதும் எந்த நாள் என்பதும் அவளுடையது. ஒரு பின்னேரத்தில், பதினொரு பேர் முன்னால், நெல்லி ரசம் குடித்தபடி எடுக்கிற முடிவில்லை அது.

மற்றப் பக்கத்தில் இன்னொரு கூட்டம்: 'இவ்வளவு அடி வாங்கியும் ஏன் விட்டுட்டு வரேல்லை?' எங்கே வாறது, தம்பி? 2009க்குப் பிறகு தாய்வீடு என்று ஒன்று மிஞ்சாதவர்கள் எத்தனை பேர் இங்கே? காணி பெர்மிட் அவன் பெயரில். குழுக்கடன் அவள் பெயரில். அவள் போனால் கிழமைக் கட்டுக்காசு கூட இருக்கிற பெண்களின் தலையில் விழும், அவர்கள்தான் முதலில் திட்டுவார்கள். காலபோக நெல் விதைப்புக்கு அடைவு வைத்தது அவளின் சங்கிலி, அருவி வெட்டி முடியாமல் அது திரும்பாது. மூத்தவளுக்கு சாதாரணதரப் பரீட்சை. இதையெல்லாம் அவள் ஒவ்வொரு நாளும் கணக்குப் பார்க்கிறாள். நீங்கள் அதற்குப் பயம் என்று பெயர் வைக்கிறீர்கள்.

ஒட்டுசுட்டான் பக்கம் ஓர் அக்கா. மூன்று தரம் போய், இரண்டு தரம் திரும்பி வந்தவ. ஊர் சிரித்தது. முதல் தரம் உடுத்த உடுப்போடு ஓடினவ, அடையாள அட்டைகூட இல்லை. திரும்பி வந்து ஏழு மாதம் ஒன்றும் பேசவில்லை. கிளினிக் போற நாட்களில் ஒவ்வொரு கடதாசியாகப் போட்டோக் கொப்பி எடுத்தா: விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பாங்க் புத்தகம், பெர்மிட், கடன் கொப்பி, ஆஸ்பத்திரித் துண்டு. விதைக் கச்சான் கட்டின உரப்பைக்குள் அவை இருந்தன. விதையை அந்த மனிசன் தொடமாட்டான் என்று அவவுக்குத் தெரியும். இரண்டாம் தரம் போனபோது உரப்பை பக்கத்து வீட்டுக்கு மாறிவிட்டது. மூன்றாம் தரம் திரும்பவில்லை. ஊர் இன்னும் 'ரெண்டு தரம் திரும்பி வந்தவள்' என்றுதான் கதைக்கிறது.

ஏன் நாள் முக்கியம்? அடிக்கிறவனிடம் இருக்கிற பெண்ணுக்கு ஆபத்து மிகவும் கூடின நேரம், அவள் வெளிக்கிடுகிற நேரமும் அதற்குப் பிந்தின கிழமைகளும். 'போகப்போறன்' என்று சவால் விட்டுவிட்டுப் போகச் சொல்லி ஆலோசனை சொல்கிறவர்கள் இதைக் கேளுங்கள். கழுத்தை நெரித்தவனா, வயிற்றில் பிள்ளையோடு அடித்தவனா, கத்தி தூக்கினவனா, 'கொல்லுவன், நானும் மருந்து குடிப்பன்' என்றவனா? மண்டபத்தில் ஒருவராவது இதைக் கேட்டீர்களா? நெரித்த கழுத்தில் தழும்பே தெரியாமலிருக்கலாம். குரல் கம்மினால், விழுங்க நொந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரியில் 'வழுக்கி விழுந்தனான்' என்று சொன்னால் துண்டில் அதுதான் ஏறும். பிறகு வழக்கில் அந்தத் துண்டைத் தூக்கிக் காட்டுவது அவனுடைய சட்டத்தரணி. உண்மையைச் சொல்ல வேண்டும், சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டச் சொல்ல வேண்டும். பல அரச ஆஸ்பத்திரிகளில் நட்பு நிலையம் இருக்கிறது, இதற்கென்றே. பொலிசில் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். சிங்களத்தில் எழுதினால் வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்கவேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

'புருசனை மறியலுக்கு அனுப்பச் சொல்றியோ?' இதோ, வந்துவிட்டார்கள். ஐயாமாரே, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் கேட்பது பாதுகாப்புக் கட்டளை. அது தண்டனை இல்லை, விவாகரத்தும் இல்லை. நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம். அவசரம் என்றால் இடைக்காலக் கட்டளை, 14 நாட்களுக்குள் விசாரணை, பிறகு 12 மாதம் வரைக்கும் கட்டளை. வீட்டுக்குள் வராதே என்றும் சொல்லலாம், வீடு அவன் பெயரில் இருந்தாலும். அவன் கட்டளையை மீறினால்தான் மறியலோ தண்டமோ. இப்போது அவள் தங்கியிருக்கிற இடத்து நீதிமன்றத்திலும் கேட்கலாம், அவளுக்காகப் பொலிசும் கேட்கலாம். இயக்கக் காலத்தில் கலியாணம் கட்டி இன்றுவரை பதியாதவர்களுக்கும் உண்டு, சேர்ந்து வாழ்ந்தாலே போதும். தாபரிப்புக் காசு கேட்க 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம், அதற்கும் விவாகரத்துத் தேவையில்லை. காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு. இவ்வளவையும் அவளிடம் சொல்லியிருக்கலாம். நீங்கள் சொன்னது 'பொறுத்தார் பூமி ஆள்வார்'. பூமியின் பெர்மிட் யார் பெயரில் என்று மேலே சொல்லிவிட்டேன்.

'ஆம்பிளையளுக்கும் அடி விழுது.' விழுகிறது. சட்டம் அவர்களுக்கும்தான். போய்க் கேளுங்கள்.

'பிள்ளையள் பாவம்.' இது நியாயமான கேள்வி, சிரிக்கமாட்டேன். தகப்பனில்லாமல் வளர்ப்பது லேசில்லை. பள்ளிக்கூடம் மாற்ற விடுகைப் பத்திரம் வேண்டும், அஸ்வெசும என்கிற அரச உதவிக்காசு யாருடைய கணக்கில் விழுகிறது என்று பார்க்க வேண்டும், விதானையாரிடம் பதிவை மாற்ற வேண்டும். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார்கள், நாள் குறிக்க முதலே போய்க் கதைக்கலாம். ஆனால் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பாவத்தையும் ஒருக்கால் எண்ணுங்கள்.

'என்.ஜி.ஓ. காசு வாங்கி எழுதுறாய்.' ஓம். மாளிகை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போனைப் பற்றி ஒன்று. அவன் வாங்கித் தந்து அவனே கூகுள் கணக்குப் போட்ட போன் என்றால், அவள் நிற்கிற இடமும் அவனுக்குத் தெரியலாம். வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்கள் என்ற இடத்தைப் பாருங்கள். சிம் யார் பெயரில்? பெண்களுக்கான உதவி இலக்கம் 1938க்கு எடுத்தால் அழைப்புப் பட்டியலில் நிற்கும், அழித்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் போனில் எடுப்பது இன்னும் நல்லது. பஸ் குறைந்த உள்ளூர்களில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மனதில் வைத்திருங்கள், அவன் வயலில் தண்ணி கட்டுற நாளையும்.

கடைசியாக, அந்த மண்டபத்து அண்ணைமாருக்கு. 'இனிமேல் கை நீட்டமாட்டேன்' என்று அவனிடம் எழுதி வாங்கினதாகப் பெருமையாய்ப் போட்டிருக்கிறீர்கள். 'இனிமேல்' என்று எழுதினால் இதுவரை நீட்டினான் என்று அவனே ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம். நீதவானிடம் காட்டலாம். மூலம் உங்களில் ஒருவரின் மேசை லாச்சியில் கிடக்கும். ஒரு கொப்பி எடுத்து, அவன் இல்லாத நேரம் பார்த்து, உங்கள் மனைவிமார் யாரிடமாவது கொடுத்து அவளிடம் சேர்ப்பியுங்கள். படத்தையும் எடுத்துவிடுங்கள்.