ஆளவந்தான் கில் பில்லின் காப்பி இல்லை

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பையன்களின் வாட்சப் குழுக்களில் இந்த வாரம் ஒரு வீடியோ சுற்றுகிறது: ஆளவந்தான் படத்தில் கொலைக் காட்சி திடீரென்று கார்ட்டூனாக மாறுகிறதே, அதை கமல், ஹாலிவுட் இயக்குநர் டாரண்டினோவின் கில் பில் படத்திலிருந்து சுட்டுவிட்டார் என்று. நேற்று தே தாரிக் ஆறும்வரை இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சரி, வருஷத்தைப் பாருங்கள். ஆளவந்தான் வந்தது 2001 தீபாவளிக்கு. கில் பில் முதல் பாகம் 2003 அக்டோபரில். இரண்டு வருஷம் கழித்து வரப்போகிற படத்தை எப்படி அண்ணே காப்பியடிப்பது? கதையும் கமல் 1980களில் தொடராக எழுதிய 'தாயம்'தான்.

இதைச் சொன்னதும் ஒரு தம்பி, "அப்போ டாரண்டினோதான் திருடிட்டாரு" என்று குதித்தான். அதுவும் அவசரம். ஒரு இந்தியப் படத்தின் அனிமேஷனைப் பற்றி டாரண்டினோ தன்னிடம் பேசினார் என்று இந்தி இயக்குநர் அனுராக் காஷ்யப் சொன்னதுதான் இதற்கு ஆதாரம். மேலும், கில் பில்லில் அந்தப் பகுதி ஓ-ரென் இஷி என்ற பாத்திரத்தின் சிறுவயதுக் கதை, ஜப்பானில் செய்த அனிமே. ஆளவந்தானிலோ கமல் நடித்த மொட்டைத்தலை நந்துவின் கலங்கிய மூளைக்குள் மனீஷா கொய்ராலாவோடு நடக்கும் சண்டை, ரத்தம் கொட்டும் இடத்தில் மட்டும் நிஜம் கழன்று ஓவியமாகிவிடும்.

படம் பிடிக்கவில்லை என்றால் தாராளமாகத் திட்டுங்கள், எனக்கே கமலின் இன்னொரு வேடமான விஜய் வரும் காட்சிகள் இழுவைதான். ஆனால் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு தேசிய விருது வாங்கிய படம் அது.