5 என்ற எண் 5 லீற்றர் அல்ல
கையோடு கொண்டுபோகும் ஒட்சிசன் மெஷின்கள் பற்றிய இந்தக் கட்டுரையில் '5ஆம் எண்ணில் வைத்தால் நிமிடத்துக்கு 5 லீற்றர் ஒட்சிசன் வரும்' என்று இருப்பது பிழை. தோளில் மாட்டும் சின்ன மெஷின்களில் பெரும்பாலானவை மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும் 'புஸ்' என்று ஒரு தடவை ஒட்சிசனை விடுபவை. அந்த எண் லீற்றர் கணக்கு இல்லை, கம்பனிக்குக் கம்பனி மாறும். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் அப்பாவுக்கு அப்படி ஒன்று வாங்கினோம்; அவர் கதிரையில் இருக்கும்வரை விரலில் மாட்டிய மீற்றர் இரத்தத்தில் ஒட்சிசன் 94% என்று காட்டியது. காலி வீதியைக் கடந்து மருந்துக்கடைக்குப் போவதற்குள் அது 86. இரவில் இன்னும் மோசம்: வாயைத் திறந்தபடி நித்திரை கொள்பவர், மூக்குக் குழாயில் மூச்சு பிடிபடாமல் அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் டொக்டரைக் கேட்டு, இரவுக்கு விடாமல் ஓடும் வீட்டு மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். மெஷினின் பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று மேலே கேட்டவருக்கு: விளம்பரத்தில் போடும் மணித்தியாலம் பெரும்பாலும் குறைந்த எண்ணில் ஓடும் நேரம்தான்.