ஞாயிற்றுக்கிழமை ஆட்கள்

அந்தக் கருத்தரங்கில் பேராசிரியர் பேசிய காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். இதைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்தேன், முடியவில்லை. வேறு வேலை பார்க்கிற எங்களைப் போன்ற ஆட்களைத்தான் சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு கல்வெட்டு தேடக் கிளம்பிவிடுகிறார்களாம், ஆய்வு பொழுதுபோக்கு இல்லையாம். அரங்கம் சிரித்தது. பின்வரிசையில் நாங்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம்.

ஐயா, எங்களுக்கும் அது பொழுதுபோக்கு இல்லை. கூட்டுறவு சங்கத்தில் ஆறு நாள் கணக்கு எழுதுகிறேன். எனக்குக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான்.

ஐராவதம் மகாதேவன் தொல்லியலில் பட்டம் வாங்கியவரா? ஐ.ஏ.எஸ். அதிகாரி. மதுரைப் பக்கம் மாங்குளம் குகைக் கல்வெட்டில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயரை 1965-இல் அவர் படித்தார். அவர் செய்த சிந்து எழுத்துகளின் தொகுப்பு 1977-இல் வெளிவந்தபோதும் அரசுப் பணியில்தான் இருந்தார். கிரேக்கத்தின் லீனியர் பி என்ற பழங்கால எழுத்தை 1952-இல் படித்துக் காட்டிய மைக்கேல் வென்ட்ரிஸ் ஒரு கட்டடக் கலைஞர். கிரேக்க மொழி அறிஞர் ஜான் சாட்விக் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, கூட உட்கார்ந்து எழுதினார்.

'எல்லோரும் மகாதேவன் ஆகிவிட முடியுமா?' என்று கேட்பீர்கள். முடியாது. நாங்கள் அப்படிச் சொல்லவும் இல்லை. மயிலாடுதுறை பக்கம் செம்பியன்கண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டும்போது ஒரு கற்கோடரி கிடைத்தது. 2006-இல் அது செய்தியானது. அதில் இருப்பவை சிந்து எழுத்துகளா என்று இன்றும் வாதம் நடக்கிறது, நடக்கட்டும். அந்த ஆசிரியர் அதை வேலியோரம் வீசியிருந்தால் வாதம் செய்யவே ஒன்றும் இருந்திருக்காது.

எங்கள் ஊர்ப் பக்கத்து நடுகற்களை, அதாவது சண்டையில் இறந்த வீரர்களுக்கு நட்ட கற்களைப் பாருங்கள். பாதிக் கற்கள் வேடியப்பன் சாமி என்று கும்பிடப்படுகின்றன. எண்ணெய் ஊற்றி, சுண்ணாம்பு அடித்து, சிலவற்றில் பெயிண்டும் பூசியாகிவிட்டது. ஒரு கல் ஏரி மடையில் துணி துவைக்கக் கிடந்தது. நாலு வாரம் அங்கே போனோம். முதல் வாரம் ஊர்க்காரர்களிடம் பேசவே சரியாகப் போனது. அப்புறம் கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டித் தட்டி, மை ஒற்றி, எழுத்து தாளில் பதியும்படி மைப்படி எடுத்தோம். ஓய்வுபெற்ற கல்வெட்டாய்வாளர் ஒருவருக்கு அனுப்பினேன். நான் 'வ' என்று படித்ததை அவர் 'ப' என்றார். பொருளே மாறிவிட்டது. அன்று இரவு ஒரு மணி நேரம் போனில் எனக்கு வட்டெழுத்து, அதாவது தமிழை எழுதப் பயன்பட்ட வளைவான பழைய எழுத்து, சொல்லிக்கொடுத்தார். தப்பைத் திருத்தினார், என்னைத் துரத்தவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்.

'வாட்ஸ்அப்பில் இருபதாயிரம் வருடக் கதை பரப்புவதும் உங்களைப் போன்றவர்கள்தானே?' என்கிறார்கள். அவர்களும் நாங்களும் ஒன்றா? எழுத்து தெரியவேண்டும் என்று கல்லில் சாக்பீஸ் தேய்க்கிறவர்களைக் கண்டால் எங்களுக்கும் வயிறு எரிகிறது. ஆனால் திருப்பணி என்ற பெயரில் சாண்ட் பிளாஸ்டிங் செய்து, அதாவது மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்து, கல்வெட்டுகளைத் தேய்த்து அழித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் இல்லையே! அப்போது இந்தக் கோபம் எங்கே போனது? 'மருத்துவத்திலும் இப்படி நுழைவீர்களா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். நாங்கள் யாருக்கும் ஊசி போடவில்லை.

என்னைச் சொன்னதைக்கூட விட்டுவிடுகிறேன். எங்களோடு வரும் பிளஸ் டூ மாணவி ஒருத்தி அன்று எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். காணொளியில் அது இல்லை. பல்லவர் செப்பேடுகளில் தமிழ் எழுத்து இருக்கிறது. அதே பல்லவர் காலத்து, திருவண்ணாமலைப் பக்கம் இருக்கும் செங்கம் நடுகற்களில் வட்டெழுத்து இருக்கிறது. ஒரே காலம், ஒரே அரசு, ஏன் இரண்டு எழுத்து? இதுதான் கேள்வி. தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் தொகுப்பை நூலகத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதி எழுதிப் படித்த பிள்ளை அவள். 'முதலில் பாடத்தைப் படிம்மா' என்று பதில் வந்தது. மறுபடியும் சிரிப்பு.

பேருந்தில் திரும்பும்போது அவள் யாரிடமும் பேசவில்லை. நேற்றிரவு அவள் அம்மா போன் செய்தார்: 'இந்த வாரம் வரலையாம் சார், பரீட்சை இருக்காம்.' பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அவள் எழுதிய நோட்டு என் பையில் இருக்கிறது.

பேராசிரியர் ஐயா, அந்தக் கேள்விக்கு உங்களுக்குப் பதில் தெரிந்திருந்தால் இங்கேயே எழுதுங்கள், அவளிடம் காட்டுகிறேன். தெரியாவிட்டால் அதையும் எழுதுங்கள்.