கை தூக்குவது சுலபம்

சமீபத்தில் ஓராள் நாடகம் ஒன்று பார்த்தேன். ஒரு மேசை, நீளமான ஒயரோடு ஒரு பழைய தொலைபேசி, ஒரு நடிகை. அவ்வளவுதான். நடுநடுவே கதையை நிறுத்திவிட்டு, "இப்போ நான் என்ன பண்ணட்டும்?" என்று நம்மைக் கேட்பார். பெரும்பான்மை சொல்லும் பக்கம் கதை போகும்.

கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருத்தி. இருபது வருடத் தோழி அலுவலகப் பணத்தில் கை வைத்திருப்பதைக் கண்டுபிடித்துவிடுகிறாள். மேலதிகாரியிடம் சொல்வதா, மறைப்பதா? சொல்லட்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். நானும் தூக்கினேன். எங்கள் வரிசையில் பக்கத்து இருக்கைக்காரர் தூக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் தூக்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரகசிய வாக்கெடுப்பாக இருந்திருந்தால் என் ஓட்டு தோழிக்குத்தான்.

இந்த வகை நாடகங்கள் மேல் எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் மனத்தாங்கல் இதுதான். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது நியாயம் எது என்று கேட்டால் எல்லோரும் நல்ல பிள்ளை வேஷம் கட்டிவிடுகிறோம். சில நாடகங்களில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் கதை சுற்றி வந்து ஒரே முடிவில் நிற்கும். அது தெரியவரும்போது வரும் எரிச்சல் தனி.

பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்தோ போவால் இதில் கறாரானவர். 1971-ல் பிரேசிலின் ராணுவ ஆட்சி கைது செய்து சித்திரவதை செய்த பிறகு நாட்டை விட்டு வெளியேறியவர். 1973-ல் பெருவில் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தார். அப்போதெல்லாம் பார்வையாளர்கள் யோசனை சொல்வார்கள், நடிகர்கள் அதை நடித்துக் காட்டுவார்கள். ஒரு பெண்மணிக்கு மட்டும், எப்படி நடித்துக் காட்டியும் திருப்தி வரவில்லை. நீங்களே வந்து செய்து காட்டுங்கள் என்று போவால் அவரை மேடைக்கு அழைத்தார். பார்வையாளரே மேடையேறி நடித்துக் காட்டும் ஃபோரம் தியேட்டர் பிறந்த கதையாக போவால் சொன்னது இது. யோசனை சொன்ன வாயும் அதைச் செய்யும் உடம்பும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும் அவருக்கு.

மேடையில் ஒரே ஆள் நிற்கும்போது இது இன்னும் கூர்மையாகிறது. 1974-ல் இத்தாலியின் நேப்பிள்ஸில், தன் உடம்பையே கலையாக்கும் நிகழ்த்துகலைஞர் மரினா அப்ரமோவிச் 72 பொருட்களை மேசையில் வைத்து, என் மேல் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று கூட்டத்திடம் விட்டுவிட்டு, ஆறு மணி நேரம் எதிர்ப்பே காட்டாமல் நின்றார். ரோஜா இருந்தது, துப்பாக்கியும் இருந்தது. கூட்டம் உடையை வெட்டியது, தோலைக் கீறியது. நேரம் முடிந்து அவர் நடந்து வரத் தொடங்கியதும், முகத்தைப் பார்க்க முடியாமல் ஓடினார்களாம்.

சரி, நம் நடிகைக்கு வருவோம். கைகளை எண்ணி முடித்தவர், தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். ஒயர் இரண்டு பேர் மடிமேல் உரசிக்கொண்டு வந்தது. என் பக்கத்து இருக்கைக்காரரிடம் ரிசீவரைக் கொடுத்தார்.

"மேனேஜர் லைன்ல இருக்கார். நீங்களே சொல்லிடுங்க."

அவர் வாங்கி, "ஹலோ" என்று வேறு சொல்லிவிட்டார். அப்புறம் பேச்சே இல்லை. அவரைக் காப்பாற்ற நடிகை எதுவும் செய்யவில்லை, சும்மா நின்றார். ரொம்ப நேரம் கழித்து அவர் ரிசீவரை மடியில் இறக்கி, "அவங்களுக்குக் குழந்தைங்க இருக்கா?" என்று கேட்டார்.

"கை தூக்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாமே" என்றார் நடிகை. குரலில் கோபமே இல்லை.

பக்கத்து இருக்கைக்காரர் ரிசீவரை மெதுவாக என் பக்கம் நீட்டினார். நான் கைகளைக் கட்டிக்கொண்டேன்.