1869-இல் ஒழிந்தது எது?

“1869 சட்டம் வந்ததோடு இங்கிலாந்தில் கடனுக்காக யாரும் சிறைக்குப் போகவில்லை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது கடனாளிகள் சட்டத்தை (Debtors Act). பலரும் நம்பும் செய்தி இது, ஆனால் பாதிதான் உண்மை.

அந்தச் சட்டம் கடனாளியைக் காலவரையின்றி அடைத்துவைக்கும் பழைய வழக்கத்தை நிறுத்தியது. அது பெரிய காரியம்தான். ஆனால் அதன் 5-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். நீதிமன்றம் கட்டச் சொன்ன கடனை, வசதி இருந்தும் கட்டவில்லை என்று நீதிபதி கருதினால், ஆறு வாரம் வரை சிறையில் அடைக்கலாம். சிறைக்குப் போய் வந்தாலும் கடன் தீராது, அது அப்படியே நிற்கும். மளிகைக் கடையிலும் துணி வியாபாரியிடமும் தவணைக்கு வாங்கிய தொழிலாளர்கள்தான் இதில் சிக்கினார்கள். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர்! பெரிய கடனாளிக்குக் கடனிலிருந்து விடுபடத் திவால் நீதிமன்றம் இருந்தது. கடன்கொடுத்தவர் அங்கே மனுப்போட, கடன் குறைந்தது 50 பவுண்டாவது இருக்க வேண்டும். சில ஷில்லிங் பாக்கிவைத்த கூலிக்காரனுக்கு அந்தக் கதவு ஏது? இந்த அநியாயத்தை விட்டுவிட்டு 1869-ஐ விடுதலை ஆண்டாகக் கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் தந்தை கடனுக்காக லண்டனின் மார்ஷல்சீ சிறையில் இருந்தது 1824-இல். விக்டோரியா மகாராணி அரியணை ஏறியது 1837-இல்தான். ஆகவே அதை விக்டோரியா காலத்து நிகழ்ச்சியாகச் சிலர் காட்டுவதும் பிழை. மார்ஷல்சீ 1842-இல் மூடப்பட்டது.

1869 சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி சாதாரணக் கடன்களுக்குச் சிறை அனுப்பும் அதிகாரம் பெரும்பாலும் நீங்கியது 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தால்.