யாருக்குப் பதில் சொல்கிறார்கள்?

2020 மே மாதக் கடைசி. மினியாபொலிஸில் ஒரு போலீஸ்காரர் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை அழுத்திக் கொன்ற வீடியோ உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்த நாட்கள். அமெரிக்க ஜனநாயக சோசலிஸ்டுகள் அமைப்பின் நியூயார்க் கிளை, ஜூமில் பேச அடால்ஃப் ரீட் என்பவரை அழைத்திருந்தது. கறுப்பினத்தவர். தெற்கில் நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலத்தில் நியூ ஆர்லியன்ஸில் வளர்ந்தவர். அறுபதுகளின் கடைசியில் வட கரோலினாவில் ஏழைக் கறுப்பின மக்களையும் போரை எதிர்த்த சிப்பாய்களையும் திரட்டியவர், அப்புறம் பேராசிரியராகி ஓய்வும் பெற்றுவிட்டவர். கொரோனாவில் கறுப்பினத்தவர் அதிகம் சாகிறார்கள் என்பதை மட்டுமே பிடித்துக்கொண்டு நின்றால், எல்லா நிறத் தொழிலாளர்களையும் ஒன்றாகத் திரட்டும் வேலை கெட்டுப்போகும் என்பதுதான் அவர் பேச இருந்த விஷயம். அமைப்புக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. இது வர்க்கக் குறுக்கல்வாதம் (எல்லாவற்றையும் வர்க்கம் என்ற ஒன்றுக்குள் சுருக்குவது), இந்த நேரத்திலா இதைப் பேசுவது, தனிப் பேச்சாக வேண்டாம் விவாதமாக வையுங்கள் என்றார்கள். ஜூமுக்குள் புகுந்து கலாட்டா செய்வார்கள் என்றும் பேச்சு அடிபட்டது. கடைசியில் ரீடும் அமைப்பாளர்களும் சேர்ந்தே நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டார்கள்.

ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதை எழுதியபோதுதான் எனக்குத் தெரியவந்தது. படித்ததும் சிரிப்பு வந்தது. நான் இருபத்திரண்டு வருடம் தொழிற்சங்கக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்தவன். ஒரு கூட்டத்தில் துப்புரவுப் பிரிவுத் தோழர் ஒருவர் எழுந்து, “கேன்டீன்ல எங்களுக்கு மட்டும் எதுக்குத் தோழர் தனி டம்ளர்?” என்று கேட்டார். மேடையில் இருந்தவர் “அது அடுத்த அஜெண்டா தோழர், இப்ப போனஸ்” என்றார். அந்த அடுத்த அஜெண்டா நான் ஓய்வு பெறும்வரை வரவே இல்லை. அதனால் ரீடை எதிர்த்தவர்களின் எரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் ஐம்பது வருடம் இயக்கத்தில் கிடந்த மனிதரின் பேச்சு நடக்காமல் போனது மடத்தனம் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அந்தச் செய்தியில் ரீடுக்காகப் பரிந்து பேசியவர்களில் ஒருவர் கார்னல் வெஸ்ட் என்ற கறுப்பினத் தத்துவப் பேராசிரியர். தன் தலைமுறையின் மிகப் பெரிய ஜனநாயகச் சிந்தனையாளர் ரீட் என்றே சொல்லிவிட்டார். விவரம் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. ஏனென்றால் 1995 ஏப்ரலில் வில்லேஜ் வாய்ஸ் இதழில் ரீட் எழுதிய ஒரு கட்டுரை இதே வெஸ்டைக் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தது. ஹென்றி லூயிஸ் கேட்ஸ், மைக்கேல் எரிக் டைசன், பெல் ஹூக்ஸ், ராபின் கெல்லி என்று யாரையும் விடவில்லை. அந்த வருடத் தொடக்கத்தில்தான் நியூயார்க்கரும் அட்லாண்டிக்கும், கறுப்பின அறிவுஜீவிகளின் புதிய தலைமுறை வந்துவிட்டது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தன. ரீட் கேட்டது இதுதான்: இவர்கள் கறுப்பின மக்களிடம் பேசுகிறார்களா, கறுப்பின மக்களைப் பற்றி வெள்ளை வாசகருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்களா? இதற்கு முன்னோடி புக்கர் டி. வாஷிங்டன் என்றார். 1895 இல் அட்லாண்டாவில் பேசிய ஒரே உரையால் ‘கறுப்பினத்தின் குரல்’ ஆனவர் வாஷிங்டன். அவருக்கு யாரும் ஓட்டுப் போடவில்லை, எந்தச் சங்கமும் தேர்ந்தெடுக்கவில்லை. வெள்ளைக்காரப் பணக்காரர்களும் பத்திரிகைகளும் ‘இவர்தான்’ என்று கைகாட்டினார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கட்டுரையின் தொனி எனக்குப் பிடிக்காது. சில இடங்களில் பொறாமை வாடையும் அடிக்கும். கேள்வி என்னவோ சரியான கேள்வி. நிறமா வர்க்கமா என்று நாம் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறோம், ஆனால் பேசுகிறவர் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர் என்று கேட்பதே இல்லை. பத்திரிகை ஆசிரியருக்கா, பதிப்பகத்துக்கா, பல்கலைக்கழகத்துக்கா, அல்லது அடுத்த மாதச் சந்தா கட்டுவதா வேண்டாமா என்று யோசிக்கும் ஓர் உறுப்பினருக்கா? என் வாதம் முழுக்க இதில்தான் நிற்கிறது. மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

டா-நெஹிசி கோட்ஸ் என்ற கறுப்பின எழுத்தாளரை எடுத்துக்கொள்வோம். 2014 இல் அட்லாண்டிக்கில் அடிமைமுறைக்கும் நிறவெறிக்கும் கறுப்பினத்தவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று அவர் எழுதிய நீண்ட கட்டுரை, அமெரிக்காவில் அந்தப் பேச்சையே மறுபடி உயிர்ப்பித்தது. அதன் நடுவில் ஒரு வீட்டுக் கதை வரும். மிசிசிப்பியிலிருந்து சிகாகோவுக்கு வந்த ஒருவர், 1961 இல் நார்த் லான்டேல் பகுதியில் 27,500 டாலருக்கு வீடு வாங்குகிறார். விற்றவர் ஆறு மாதம் முன்னால்தான் அதே வீட்டை 12,000 டாலருக்கு வாங்கியிருக்கிறார். கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் தராது, அதனால் வங்கிக் கடன் கிடையாது. மிச்சமிருந்த ஒரே வழி ‘ஒப்பந்தம்’. மாதத் தவணை கட்ட வேண்டும், ரிப்பேர் செலவும் வாங்கியவர் தலையில். கடைசித் தவணை முடியும்வரை பத்திரம் கைக்கு வராது. ஒரு மாதம் தவறினால் அதுவரை கட்டியதெல்லாம் போச்சு, வீடும் போச்சு. விற்றவர் அதே வீட்டை அடுத்த ஆளுக்கு இதே கணக்கில் தள்ளிவிடுவார். நம்மூர் மீட்டர் வட்டிக்காரரே கொஞ்சம் தேவலை.

இது நிறவெறியா, வர்க்கச் சுரண்டலா? சத்தியமாக எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அரசு நிறத்தைப் பார்த்துக் கதவை மூடியது, மூடிய கதவுக்கு வெளியே நின்றவர்களிடம் ஊக வணிகர் காசு பார்த்தார். ஒன்றில்லாமல் மற்றது ஓடாது. இந்தக் கதையிலிருந்து கோட்ஸ் இழப்பீட்டுக்குப் போனார், ரீட் பக்கத்து ஆட்கள் இதிலிருந்தே எல்லோருக்கும் வீடு என்ற கோரிக்கைக்குப் போவார்கள். இரண்டு பேருக்குமே கதை இடம் கொடுக்கும்.

இதே சண்டை 2016 தேர்தலில் தெருவுக்கே வந்தது. ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிட்ட இடதுசாரி பெர்னி சாண்டர்ஸிடம் ஜனவரியில் இழப்பீடு பற்றிக் கேட்டார்கள். காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், அது நிறைவேற வழியே இல்லை, நாட்டைப் பிரிக்கவும் செய்யும் என்றார். கோட்ஸ் உடனே எழுதினார்: எல்லோருக்கும் அரசு மருத்துவம், இலவசக் கல்லூரி இதெல்லாம் மட்டும் காங்கிரஸில் நிறைவேறிவிடுமா? நடக்காது என்று தெரிந்தே அவற்றைக் கேட்கிற புரட்சிக்காரர், இதில் மட்டும் ஏன் யதார்த்தவாதி ஆகிவிடுகிறார்? நியாயமான கேள்விதான், சாண்டர்ஸ் அன்று சறுக்கினார். அடுத்த மாதம் நெவாடாவில் அவரது உட்கட்சிப் போட்டியாளர் ஹிலாரி கிளின்டன், பெரிய வங்கிகளை நாளைக்கே உடைத்தால் நிறவெறி ஒழிந்துவிடுமா என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கூட்டமும் ‘இல்லை’ என்று கத்தியது. வால் ஸ்ட்ரீட் வங்கிகளில் உரையாற்றி லட்சக்கணக்கில் டாலர் வாங்கிய ஒருவர், வங்கியைத் தொடாமல் இருக்க நிறவெறி எதிர்ப்பையே கேடயமாகப் பிடித்தார். கோட்ஸ் எழுப்பிய கேள்வி வேறு, கிளின்டன் கேட்டது வேறு, ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தன. ரீட் பயந்தது இதைத்தான்.

இத்தனைக்கும் அதே பிப்ரவரியில் கோட்ஸ், தன் ஓட்டு சாண்டர்ஸுக்குத்தான் என்று சொல்லியிருந்தார். சில வாரங்களில் தென் கரோலினா உட்கட்சித் தேர்தலில் கிளின்டன் 73 சதவீதம் வாங்கி ஜெயித்தார், கறுப்பின ஓட்டு அப்படியே அவர் பக்கம் போனது. 2020 இல் அதே மாநிலத்தில் பைடனைத் தூக்கி நிறுத்தியது ஜிம் கிளைபர்ன் என்ற நீண்ட கால அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரின் ஒரு ஆதரவு அறிவிப்பு. பத்திரிகையில் எழுதுகிற யாருடைய கட்டுரையும் அங்கே ஓட்டை அசைக்கவில்லை. கிளைபர்னின் அரசியல் எனக்கு ஒத்துவராது, ஆனால் அந்த மாவட்ட மக்களிடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கைகட்டி நின்று ஓட்டுக் கேட்கிறவர் அவர். பேசினால் எடுபடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

2017 டிசம்பரில் வெஸ்ட் கார்டியனில் கோட்ஸைத் தாக்கி எழுதினார். வெள்ளை ஆதிக்கத்தை அசைக்கவே முடியாத மாய சக்தி போலக் காட்டுகிறார், வால் ஸ்ட்ரீட் பற்றியும் அமெரிக்கப் போர்கள் பற்றியும் வாய் திறப்பதில்லை, இது நவதாராளவாதத்தின் முகம் என்றார். ஒபாமாவின் டிரோன் தாக்குதல்கள் பற்றித் தான் எழுதியவற்றைக் கோட்ஸ் வரிசையாக எடுத்துப் போட்டுப் பதில் சொன்னார். அதற்குள் ரிச்சர்ட் ஸ்பென்சர் என்ற வெள்ளை இனவெறியர் வெஸ்டுக்கு ஆமாம் போட்டுவிட, பன்னிரண்டு லட்சத்துக்கும் மேல் பின்தொடர்ந்த ட்விட்டர் கணக்கைக் கோட்ஸ் மூடிவிட்டுப் போய்விட்டார். இதற்காகவா நான் எழுத வந்தேன் என்பது அவர் அலுப்பு. மூடிவிட்டுப் போக முடிந்ததைக் கவனியுங்கள். ஒரு சங்கச் செயலாளர் அப்படிப் போக முடியுமா? மறுநாள் காலை கேட் முன்னால் நான்கு பேர் மறிப்பார்கள்.

கோட்ஸைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாலஸ்தீனம் போய்வந்து 2024 இல் எழுதினார், ஜெர்மனி இஸ்ரேலுக்குக் கொடுத்த இழப்பீட்டைத் தன் பழைய கட்டுரையில் முன்மாதிரியாகக் காட்டியதைத் தானே கேள்விக்குள்ளாக்கினார். தான் எழுதியதைத் தானே திருத்திக்கொள்ளும் எழுத்தாளர் அபூர்வம். அடுத்தவருக்கு அரசியல் பாடம் எடுத்த வெஸ்ட் என்ன செய்தார்? 2023 ஜூனில் ஒரு சின்னக் கட்சி சார்பில் ஜனாதிபதி வேட்பாளர் என்றார், அப்புறம் பசுமைக் கட்சிக்குத் தாவினார், அக்டோபரில் சுயேச்சை. பின்னால் அமைப்பு என்று ஒன்று இருந்திருந்தால் நான்கு மாதத்தில் மூன்று சட்டை மாற்ற விட்டிருப்பார்களா?

சரி, ரீட் மட்டும் எல்லாவற்றிலும் சரியா? இல்லை. 1935 இல் ரூஸ்வெல்ட் அரசு சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் விட்டுவிட்டார்கள். கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பகுதி அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தது. ரீட் தரப்பு உடனே சொல்லும்: விடுபட்டவர்களில் எண்ணிக்கையில் அதிகம் வெள்ளையர்தானே? உண்மைதான். ஆனால் அந்த வெள்ளைக் கூலியின் மகனுக்கு இருபது வருடம் கழித்து வங்கிக் கடனோடு புறநகரில் வீடு கிடைத்தது, லான்டேல்காரருக்கு அந்த ஒப்பந்தம்தான் கிடைத்தது. 2019 இல் அமெரிக்க மத்திய வங்கியின் கணக்குப்படி வெள்ளைக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் குடும்பத்தின் சொத்து) 1,88,200 டாலர், கறுப்பினக் குடும்பத்துக்கு 24,100. வர்க்கம் என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இடைவெளியை என்னால் அடைக்க முடியவில்லை. கேன்டீன் டம்ளரையும் முடியவில்லை. 1946 இல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அனுப்பிய மனுவின் பிரதி கிடைக்குமா என்று கேட்டாரே, அவருக்கும் இந்த ஒரே சொல் போதவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொரு பக்கம், ‘அடையாள அரசியல்’ என்ற சொல்லை இன்று இடதுசாரிகள் வசவு போலச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு வடிவம் கொடுத்தது 1977 இல் பாஸ்டனில் காம்பஹீ ரிவர் கலெக்டிவ் என்ற கறுப்பினப் பெண்கள் குழு. அவர்கள் அறிக்கையில் ‘நாங்கள் சோசலிஸ்டுகள்’ என்று பச்சையாக எழுதியிருக்கிறது. அதை எழுதியவர்களில் ஒருவரான பார்பரா ஸ்மித் 2020 இல் ஆதரித்தது யாரை? சாண்டர்ஸை. எதிரெதிர் முகாம் என்று நாம் கோடு போட்டு வைத்திருக்கிற இடத்தில் அந்தப் பெண்கள் கோடே போடவில்லை.

எனக்குப் பிடித்தவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப். புல்மேன் கம்பெனியின் தூங்கும் வசதி ரயில் பெட்டிகளில் படுக்கை விரித்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, நள்ளிரவில் மணி அடித்தால் ஓடிப்போய் நின்ற கறுப்பினப் பணியாளர்கள் இருந்தார்கள். அவர்களில் யாராக இருந்தாலும் பயணிகள் ‘ஜார்ஜ்’ என்றுதான் கூப்பிடுவார்கள், முதலாளி ஜார்ஜ் புல்மேனின் பெயர். அடிமைக்கு எஜமானன் பெயர் என்ற பழைய வழக்கம்தான். மாதம் 400 மணி நேர வேலை, டிப்ஸை நம்பித்தான் பிழைப்பு. 1925 இல் இவர்களுக்குச் சங்கம் கட்டினார் ராண்டால்ஃப். பன்னிரண்டு வருடம் இழுத்து, 1937 இல்தான் கம்பெனி கையெழுத்துப் போட்டது. வேலை நேரம் 240 மணியாக இறங்கியது, சம்பளம் ஏறியது. ராண்டால்ஃபும் பத்திரிகை நடத்தியவர், மேடைப் பேச்சாளர், அறிவுஜீவிதான். ஆனால் 1941 இல் வாஷிங்டனுக்கு ஊர்வலம் வருவோம் என்று அவர் சொன்னதும் ரூஸ்வெல்ட் இறங்கிவந்து, போர்த் தளவாடத் தொழிற்சாலைகளில் நிறப் பாகுபாடு கூடாது என்று உத்தரவு போட்டார். அழகாகப் பேசினார் என்பதற்காக அந்த உத்தரவு வரவில்லை. ஒவ்வொரு ரயில் நிலையத்திலும் அவருக்கு ஆள் இருந்தது.

கோட்ஸின் கட்டுரைக்கே திரும்புகிறேன். அந்த வீட்டுக்காரர் கோட்ஸ் வந்து எழுதும்வரை காத்திருக்கவில்லை. 1968 இல் அக்கம்பக்கத்தில் அதே மாதிரி ஏமாந்தவர்கள் சேர்ந்து ஒப்பந்த வீடு வாங்கியோர் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள், அவரும் சேர்ந்தார். தவணையை நிறுத்தினார்கள், வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்தில் 1976 இல் தோற்றும் போனார்கள், ஆனால் அதற்கு முன்பே பல குடும்பங்களின் ஒப்பந்தங்களைத் திருத்தி எழுத வைத்துவிட்டார்கள். தவணை நின்றதும் வெளியேற்ற ஆட்கள் வருவார்கள். கட்டில், அலமாரி, பாத்திரம் எல்லாவற்றையும் தூக்கிக் குளிரில் தெருவில் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியதும் சங்கத்துக்காரர்கள் வந்து, ஒவ்வொன்றாகத் தூக்கி மறுபடி வீட்டுக்குள் வைப்பார்கள்.